கதை யாருடையதோ, கத்தரிக்கோலும் அவர் கையில்

‘எங்கள் தோட்ட வரலாறு’ என்று மலேசியாவின் ரப்பர்த் தோட்டப்புறப் பள்ளி விழாக்களில் திரையிடப்படும் மாணவர் காணொளி முதல் வாக்கியத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். “நம் முன்னோர் இரத்தமும் வியர்வையும் சிந்தி…” என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகப் பேசாது. அது ஆசிரியரின் வசனம். அதே பிள்ளை பாட்டியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் வேறு செய்திகள் வரும்: விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடும் வழியில் கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டது, ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்த கையோடு மழை பிடித்து மங்கில் (பால் கோப்பையில்) இருந்த பாலெல்லாம் தண்ணீராய்ப் போனது. கதை இங்கேதான் இருக்கிறது. கேமரா வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதைச் சொல்வது, எதை வெட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது?

இதற்கு இரண்டு பழைய மரபுகள் கைகொடுக்கின்றன. மின்னியல் கதைசொல்லல் 1990களில் கலிஃபோர்னியாவில் டேனா அட்ச்லி, ஜோ லேம்பர்ட் போன்றோர் நடத்திய பட்டறைகளில் உருவானது. சொந்தக் குரல், சொந்தப் படங்கள், இரண்டு மூன்று நிமிடம்; அவ்வளவுதான். கூட்டு வடிவமைப்பு, அதாவது ஒன்றைப் பயன்படுத்தப் போகிறவர்களே அதை வடிவமைப்பதிலும் சேர்ந்துகொள்வது, அதைவிட மூத்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி அறிஞர் கிறிஸ்டன் நிகார்டோடு சேர்ந்து, ஆலைக்குள் வரும் கணினி பற்றித் தொழிலாளருக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று கேட்டதில் அது தொடங்கியது. தோட்டத்து மக்களுக்கு இதன் அருமை விளக்காமலே புரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இடிந்து தாமான் (வீடமைப்புப் பகுதி) எழுந்தபோதும் அவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரை எடுத்துக்கொள்வோம். முதல் கூட்டத்துக்குக் கேமரா வேண்டாம். வேலை முடிந்து, குளித்து, தேநீர் குடித்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள்; வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் நேரத்தில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரு வட்டத்தில் வேண்டாம். நான்கு மாஜோங் தாள்களை (பெரிய வெள்ளைத் தாள்களை) ஒட்டித் தரையில் விரித்து, இப்போது இல்லாத பழைய தோட்டத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். கோயிலில் தொடங்கினால் எளிது. ஆறு, லய வரிசை, கள்ளுக்கடை, கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு எல்லாம் அதையொட்டித் தானாக வந்து உட்காரும். பென்சில் பிடிக்கத் தயங்கும் பெரியவர்கள் விரலால் காட்டட்டும், பிள்ளைகள் வரையட்டும்.

இங்கே வழக்கமாகக் கெடுவது ஒன்று. சங்கத் தலைவரோ கோயில் பொறுப்பாளரோ பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. பெண்களுக்குத் தனி வட்டம் போடுவதுதான் மருந்து. இரண்டு வரைபடங்களையும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் வரைந்ததில் பந்துத் திடல் பெரிதாக இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. எந்தக் கதைகளைப் படமாக்குவது என்பதையும் கைதூக்கச் சொல்லித் தீர்மானிக்காதீர்கள். ஆளுக்கு மூன்று ரப்பர் கொட்டை கொடுத்து, பிடித்த இடத்தில் வைக்கச் சொன்னால் கூச்சப்படுபவரின் ஓட்டும் விழும்.

பேட்டி எடுக்கும் பிள்ளைக்குக் கேள்வியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்றால் “ரொம்பக் கஷ்டம் அய்யா” என்பதோடு முடிந்தது. “விடிகாலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையில என்ன எடுத்துக்குவீங்க தாத்தா?” என்றால் பால் வெட்டும் உளியிலிருந்து தொடங்கும். ஆண்டு கேட்காதீர்கள், ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா, அவசரகாலத்திலா என்று கேளுங்கள். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது என்பதால் இந்த ஊரில் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். இருவர் சொல்வது முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆவணம் இருக்கும் செய்தியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இதே ஊரில் பிறந்து மலாயா அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960இல். அதை அறுபத்தைந்து என்று ஒருவர் சொன்னால் குரலை வெட்ட வேண்டாம், திரையில் சரியான ஆண்டைப் போடுங்கள்.

எழுத்துப்படி 180 முதல் 220 சொல்லுக்குள் நிற்கட்டும். தமிழ்ச் சொல் நீளமானது; நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும். ஆங்கிலக் கையேடுகளில் வரும் 300 சொல் அளவை அப்படியே எடுத்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். “வந்திச்சி”, “போட்டாங்க” என்பதைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். தேர்வுத்தாளுக்கு வேறு நேரம் இருக்கிறது.

ஒலிதான் பெரும்பாலான முயற்சிகளைக் கவிழ்க்கிறது. படம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் எழுந்து போவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். தகரக் கூரை வீட்டில் பிற்பகல் மழையோடு போட்டி போட முடியாது, காலையில் பதிவு செய்யுங்கள். காலியான மண்டபத்தைவிடத் துணிமணி நிறைந்த படுக்கையறை நல்ல ஒலிக்கூடம்.

ஒரு கதைக்கு 12 முதல் 20 படம் போதும். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியை இணையாகப் பிடித்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், பெயரும் தேதியும் அங்கேதான் இருக்கும். எழுத்து சேர்க்கும்போது ‘கொ’, ‘கௌ’ உடைந்து தெரிந்தால், அந்தச் செயலி தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோக்கவில்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் எழுத்தை வேறொரு செயலியில் படமாக்கி மேலே ஒட்டுங்கள். முடிந்த காணொளியைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள்.

சம்மதத்தைக் காகிதத்தில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொள்வது தவறு. பதிவுக்கு முன், வெட்டி ஒட்டிய பின், வெளியிடும் முன் என மூன்று முறை கேளுங்கள். இன்னும் நிறுவன வீட்டில் இருப்பவர் நிர்வாகத்தைப் பற்றிப் பேசியது பொதுவில் போனால் வீட்டுக்கே ஆபத்து வரலாம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரின் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின்) நிலைமையும் அப்படியே. பழைய பங்குப் பத்திரம், சம்பளச் சீட்டு எதைக் காட்டினாலும் எண்ணை மறைத்துவிடுங்கள். பிள்ளையின் முகமும் சட்டையிலுள்ள பெயர்ப்பட்டையும் ஒரே படத்தில் வரக் கூடாது. தோட்டத்துக்குள் படம் எடுக்க நிர்வாக அனுமதி வாங்குவதும் மறக்கக் கூடாதது.

முதல் திரையிடல் பேசியவர்களுக்கே. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீனவர்களைப் படம் பிடித்தவர்கள், அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியே காட்டினார்கள். அரசு அதிகாரிகள் பார்த்தது அதன் பின். தீவு மக்கள் தங்களையே திரையில் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அந்த முயற்சியின் பெரிய பலன். மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், தேநீர் போதும். “இந்த இடத்தை எடுத்துடுங்க” என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அத்தோடு கலைந்தால் அது கதைசொல்லல் மட்டுமே. கூட்டு வடிவமைப்பு அடுத்த கேள்வியில் இருக்கிறது: இந்தக் கதைகளைப் பார்த்தால் எதை மாற்றத் தோன்றுகிறது? பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நிழலா, பிள்ளைகள் மாலையில் படிக்க ஓர் இடமா? ஸ்வீடனில் 1980களில் அச்சுத் தொழிலாளர்கள் ‘உத்தோப்பியா’ திட்டத்தில் இன்னும் வராத இயந்திரங்களை அட்டைப்பெட்டியில் செய்து வைத்து, அதன் முன் நின்று வேலை செய்து பார்த்தார்கள். மளிகைக் கடை அட்டைப்பெட்டி இங்கும் கிடைக்கும். படிப்பு மூலையை முழு அளவில் அட்டையால் செய்து, பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டியையும் உட்காரவைத்துப் பாருங்கள். விளக்கு எந்தப் பக்கம் வேண்டும், நாற்காலி ஏன் உயரம் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் வெளியே வரும். கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ கோரிக்கை கொண்டுபோகும்போது அந்த அட்டையின் படமும் மூன்று நிமிடக் கதையும் ஐந்து பக்கக் கடிதத்தைவிட நன்றாகப் பேசும். ‘முடியாது’ என்ற பதில் வந்தாலும் அதை மறுபடி வட்டத்தில் வந்து சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

கடைசியாகக் கோப்புகள். மூலப் பதிவையும் முடிந்த காணொளியையும் இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைப் பள்ளியிலும் மற்றதைத் தோட்டத்து மக்கள் சொல்லும் இடத்திலும் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் தலைப்பும் இருக்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர்களை மட்டும் வைத்து நடத்தினால் அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது கடவுச்சொல்லும் அவர்களோடு போய்விடும். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரையாவது முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்காரவையுங்கள்.