ஓரல் இம்யூனோதெரபி: வாய்வழி ஒவ்வாமைத் தணிப்பு

ஒவ்வாத உணவையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி உண்ணக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இது.

‘ஓரல்’ என்பதன் வேர் வாயைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘தெரபி’ கிரேக்கத்தில் பணிவிடை, பராமரிப்பு. ‘இம்யூன்’ வந்த வழிதான் சுவையானது. லத்தீனில் ‘இம்மூனிஸ்’ என்றால் வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்கு பெற்றவர். நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘அலர்ஜி’ இவற்றைவிட இளைய சொல். கிரேக்க வேர்களைக் கொண்டு 1906-இல் அதை உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே.

குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத பலருக்கு, சமைக்காத ஆப்பிளைக் கடித்தாலே உதடும் நாக்கும் அரிக்கும். மகரந்தத்தின் பெட் வி 1 புரதமும் ஆப்பிளின் மால் டி 1 புரதமும் அமைப்பில் அவ்வளவு நெருக்கம். மகரந்தத்துக்காக உருவான எதிர்ப்புப் புரதங்கள் பழத்தின் மேலும் பாய்கின்றன. வேகவைத்தால் மால் டி 1 சிதைந்துவிடும். அதனால் சமைத்த ஆப்பிள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

இப்படிப்பட்ட 40 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. சிகிச்சை பெற்ற 27 பேரும் தினமும் ஒரு கிராம் ஆப்பிளில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கினார்கள். ஏறத்தாழ எட்டு மாதத்தில் 17 பேரால் 128 கிராம் வரை உண்ண முடிந்தது. ஆனால் உண்பதை நிறுத்தினால் அந்தத் தாங்கும் திறன் நிலைக்கும் என்று சொல்ல முடியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. எதிர்ப்பைக் கூட்டும் சிகிச்சை என்று படிப்பவர் நினைத்துவிடுவார்; இங்கே அளவுமீறிய எதிர்ப்பை அடக்க வேண்டியிருக்கிறது. ‘நீக்கம்’ என்றாலோ முழுக்கக் குணமாகிவிடும் என்ற பொய்யான நம்பிக்கை பிறக்கும். ‘ஒவ்வு’ என்ற பழைய வினைக்குப் பொருந்து, இணங்கு என்று பொருள். அதன் எதிர்மறையில் பிறந்தது ஒவ்வாமை. ‘தணிப்பு’ குறைவதை மட்டும் சொல்கிறது. ஆகவே ‘வாய்வழி ஒவ்வாமைத் தணிப்பு’ என்பதே என் தேர்வு.

இந்தச் சிகிச்சையை வீட்டில் தானாகத் தொடங்கவே கூடாது. தொண்டை வீங்கி மூச்சு முட்டும் அளவுக்கு எதிர்வினை கடுமையாகலாம் என்பதால், ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.