ஒரே தொண்டையில் ராகமும் அலறலும்: மெட்டல்கோர் பாடுவோர் கவனத்திற்கு

குரல் சிகிச்சைக்காக என்னிடம் வரும் இளம் ராக் பாடகர்களிடம் எதைப் பாடிப் பழகினீர்கள் என்று கேட்டால், அடிக்கடி காதில் விழும் பெயர்களில் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கில்ஸ்விட்ச் என்கேஜ் என்ற மெட்டல்கோர் (அலறலும் மெட்டும் கலந்த கனமான ராக் இசை) குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீத்திங்'. அந்த ஆல்பத்தின் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. 'மை லாஸ்ட் செரினேட்' பாடலின் சரணத்தில் தொண்டை கிழிவதுபோல் அலறும் குழுவின் பாடகர் ஜெஸ்ஸி லீச், பல்லவிக்கு வந்ததும் அதே தொண்டையால் அகலமான, தெளிவான ஒரு மெட்டைத் தூக்கிப் பாடுகிறார். அந்தத் திருப்பத்தைத்தான் எல்லோரும் பாடிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பலருக்குக் குரல் கட்டுவதும் அங்கேதான்.

அலறினாலே குரல் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது முழு உண்மை அன்று. நாம் பேசும்போது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள், ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும் பெண்களுக்கு ஏறத்தாழ இருநூறு முறையும் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. அவற்றுக்குச் சற்று மேலே போலி நாண்கள் என்று அழைக்கப்படும் இரு திசு மடிப்புகள் உள்ளன. முறையாகக் கற்ற பாடகரின் அலறலில் அந்தக் கரடுமுரடான ஒலியின் பெரும்பகுதி இந்த மேல் மடிப்புகளிலிருந்தும் அவற்றைச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் பிறக்கிறது. மூச்சு அளவோடு செல்கிறது. ஒலியைப் பெரிதாக்கும் வேலையை மைக் பார்த்துக்கொள்கிறது. கற்காதவரோ கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை முழு விசையோடு தள்ளி, மெல்லிய குரல் நாண்களையே ஒன்றோடொன்று அறைய விடுகிறார். வெளியே கேட்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓசைதான்.

ஆல்பத்தைக் கேட்டே கற்றுக்கொள்வதில் உள்ள ஆபத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வகை இசையை ஒலிப்பதிவு செய்யும்போது அலறல் பகுதிகளையும் மெட்டுப் பகுதிகளையும் தனித்தனியாக, பெரும்பாலும் வெவ்வேறு நேரங்களில் பாடவைத்து, பல முறை பாடியதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பது வழக்கம். நடுவில் பாடகர் எடுத்துக்கொண்ட ஓய்வு நம் காதுக்கு வருவதில்லை. அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உடன் பாடும் மாணவர், அந்த ஓய்வு எதுவுமின்றி, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காத நிலையில், தன்னை அறியாமல் மேலும் மேலும் உரத்துப் பாடுகிறார்.

இதன் விளைவை, நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பிப் பரிசோதனையின் திரையில் நேராகப் பார்க்கலாம். முத்து வெண்மையாக, நேர் விளிம்போடு இருக்க வேண்டிய நாண்கள் சிவந்திருக்கும். இரண்டின் முன்பகுதியிலும், மோதல் மிகுதியாக விழும் இடத்தில், மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு விழுவதுபோல எதிரெதிராக இரு சிறு முடிச்சுகள் தெரியும். அவை முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து காற்று கசியும். இந்த நிலையில் அலறல் நன்றாகவே வரும், ஏனெனில் அதற்குத் தெளிவு தேவையில்லை. முதலில் கெடுவது, மேல் ஸ்தாயியில் சன்னமாகப் பாடும் திறன்தான். ஆகவே, ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரியை உச்சக் குரலில், மிகச் சன்னமாகப் பாடிப் பாருங்கள் என்று சொல்வேன். நேற்று எளிதாக வந்த ஸ்தாயியில் இன்று குரல் உடைந்தால் நாண்கள் வீங்கியிருக்கக்கூடும். அன்றைக்குப் பயிற்சி போதும்.

தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அந்த ஆல்பம் வெளிவந்த ஆண்டிலேயே குழுவை விட்டு விலகி, 2012இல் திரும்பி வந்த லீச்சுக்கு 2018இல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் பேச்சுப் பயிற்சி, பாட்டுப் பயிற்சி, அலறலுக்கென்றே தனிப் பயிற்சி என மாதக்கணக்கில் உழைத்த பிறகே 2019இல் 'அடோன்மென்ட்' ஆல்பம் வெளிவந்தது. இதை நான் நோயாளிகளிடம் விரிவாகச் சொல்வதுண்டு. கத்தியோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை என்பதையும், அலறலையே நிரந்தரமாகக் கைவிட வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் அவருடைய அனுபவம் ஒருசேரக் காட்டுகிறது.

நம் வீடுகளில் குரல் கட்டினால் பனங்கற்கண்டுப் பால், மிளகு, அதிமதுரம் என்று கைவைத்தியம் தொடங்கிவிடும். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பதால் நான் தடுப்பதில்லை. ஆனால் விழுங்கும் எதுவும் உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. மூச்சுக்குழாயின் வாசலில் உள்ள குரல் நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து உடலின் ஈரத்தைக் காப்பதும் பேச்சைக் குறைப்பதும்தான் நாண்களுக்கு உதவும். அடிக்கடி தொண்டையைச் செருமுவதும், பேசக் கூடாது என்பதற்காக அழுத்தி அழுத்திக் கிசுகிசுப்பதும் கெடுதலே.

பாடும்போது வலியோ எரிச்சலோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வலிக்கத்தான் செய்யும், பழகிவிடும் என்று சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அலறும்போது திடீரெனக் குரல் அற்றுப்போனால் நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அன்று மாலை கச்சேரியே இருந்தாலும் வாயைத் திறக்காமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கரகரப்பு என்றாலும், இரண்டு மூன்று வாரங்களைத் தாண்டினால் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். முடிச்சுகள் தொடக்க நிலையில் இருந்தால் பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். வரும்போது நீங்கள் அலறியும் பாடியும் பதிவு செய்த ஒலித்துண்டு ஒன்றை செல்பேசியில் எடுத்து வாருங்கள். வாய்மொழியாக விவரிப்பதைவிட அது எங்களுக்குப் பல மடங்கு பயன்படும்.