கோழியின் குரல் வேறு, மூச்சுச் சத்தம் வேறு

"காலையிலிருந்து விடாமல் கத்துது டாக்டர், வயிறு வலிக்குதோ என்னமோ" என்று கைபேசியில் பிடித்த சத்தத்தோடு வருகிறவர்கள் உண்டு. கேட்டால் பெரும்பாலும் முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பாக இருக்கும். கொக், கொக், கொக் என்று தொடங்கி, ஒரு உச்சத்தில் போய் முடியும். சில சமயம் சேவலும் கூடச் சேர்ந்துகொள்ளும். போய்ப் பாருங்கள், முட்டை இன்னும் சூடாகவே கிடக்கும்.

நான் பயப்படுகிற சத்தம் வேறு. அது இவ்வளவு ஊரைக் கூட்டாது.

கோழியிடம் 20-க்கும் மேற்பட்ட குரல்களை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது எச்சரிக்கைக் குரல். மேலே பருந்து தெரிந்தால் சேவல் மெல்லிசாக, நீளமாக ஒரு கீச்சொலி விடும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாத சத்தம் அது. மற்ற கோழிகள் உடனே பதுங்கும், அல்லது மறைவுக்கு ஓடும். நாயோ பூனையோ தரைவழியாக வந்தால் அப்படியில்லை. விட்டுவிட்டு உரக்கக் கொக்கரிக்கும்; எல்லாம் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். இதுவும் முட்டையிட்ட கொக்கரிப்பும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் நான் பிரிப்பேன். இன்னொரு வேடிக்கை: பக்கத்தில் பெட்டை இல்லாவிட்டால் அதே சேவல் பருந்தைக் கண்டும் அவ்வளவாக வாய் திறப்பதில்லை.

குஞ்சுகளின் பேச்சு ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. 21 நாள் அடையில் கடைசி ஓரிரு நாள் உள்ளிருந்தே கீச்சிடும், அடைக்கோழி மெதுவாகப் பதில் கொடுக்கும். பொரித்த பிறகு மெல்லிய, சன்னமான கிசுகிசுப்பு கேட்டால் எல்லாம் சரி. கூர்மையாக, நிறுத்தாமல் கத்தினால் குளிர், பசி, அல்லது தாயைக் காணவில்லை. விளக்கு வைத்து வளர்க்கும்போது முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். விளக்கடியில் மொய்த்துக்கொண்டு கத்தினால் சூடு போதவில்லை. விலகிப் போய் வாயைத் திறந்து கிடந்தால் சூடு அதிகம்.

அடையில் இருக்கும் கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுவது நோயில்லை, கோபம். கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயப்பட வேண்டிய சத்தத்துக்கு வருகிறேன். அது குரலே அல்ல, மூச்சு. கோழிக்குக் குரல் பிறப்பது நம்மைப்போல் தொண்டையின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், உள்ளே ஆழத்தில். அங்கே அடைப்பு வந்தால் குரல் கம்மும், சேவலின் கூவல்கூட மாறும். நோயை மறைப்பதில் கோழி கெட்டிக்காரி. பகல் சந்தடியில் லேசான கரகரப்பு உங்கள் காதில் விழாது.

அதனால் இரவில், கோழிகள் அடைந்த பிறகு, கூண்டருகே ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நலமான கோழியின் மூச்சு கேட்கவே கூடாது. கொரகொரப்பு, குறட்டை, அடுத்தடுத்துத் தும்மல் கேட்டால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் தொற்று, தொற்று மூச்சுக்குழல் அழற்சி, வெள்ளைக்கழிச்சல் என்று பல சந்தேகங்கள் வரும். சத்தத்தை மட்டும் வைத்து எந்த நோய் என்று என்னாலும் சொல்ல முடியாது. கழுத்தை மேலே நீட்டி வாயைப் பிளந்து மூச்சை இழுக்கிறதென்றால் அது அவசரம். வெயிலில் வாயைத் திறந்து இளைப்பது வேறு, நிழலும் தண்ணீரும் கிடைத்தால் தணிந்துவிடும்.

சந்தேகப்பட்ட கோழியைத் தனியே பிரித்து வையுங்கள், நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். எண்ணெயோ கஷாயமோ வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். கோழியின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது, ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போய், மறுநாள் என் மேசைக்கு வரும்போது இரண்டு நோயாகியிருக்கும். வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். ஒரே நேரத்தில் பல கோழிகள் சுணங்கினாலோ செத்தாலோ கையால் தொடாமல் உடனே அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

என்னிடம் வரும்போது பகலில் கத்தியதைவிட இரவில் மூச்சுவிட்டதைப் பதிவு செய்து கொண்டுவந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். எத்தனை கோழிக்கு, எந்த நாளிலிருந்து, புதிதாக ஏதாவது கோழி வாங்கிச் சேர்த்தீர்களா என்பதையும் குறித்துவையுங்கள், அதைத்தான் முதலில் கேட்பேன்.