ஈரானுக்குப் போகும் தேயிலைக்குத் துபாய் என்று எழுதலாமா?

குன்னூரில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்த்துக்கொடுப்பது என் தொழில். போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்து லீஃப் பேக்டரி முதலாளி ஒருவர் வந்தார். குடையை மடக்குவதற்குள் போனை நீட்டினார். "சார், பையர் மெயில் போட்டிருக்கார், பாருங்க."

ஒரு கன்டெய்னர் ஆர்த்தடாக்ஸ் தேயிலை, இலையைச் சுருட்டிப் பக்குவப்படுத்தும் வகை. சரக்கு போய்ச்சேர்வது ஈரானின் பந்தர் அப்பாஸ். ஆனால் இன்வாய்ஸிலும், சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லிலும் துபாய் ஜெபல் அலி துறைமுகம் என்று போட வேண்டுமாம். பணம் டாலரில், யாரென்றே தெரியாத மூன்றாவது கம்பெனியிடமிருந்து வருமாம்.

"தேயிலைதானே சார், துப்பாக்கியா அனுப்பறோம்?"

நியாயமான கேள்விதான். ஈரான் மீது அமெரிக்கா போட்டிருக்கும் பொருளாதாரத் தடைகளிலேயே உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு, வாங்குபவர் தடைப்பட்டியலில் இல்லாதவரை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகள்தான் இந்தியாவைக் கட்டுப்படுத்தும்; அமெரிக்கா தனியாகப் போடும் தடை இங்கே சட்டமாகாது. அப்புறம் என்ன பயம்?

டாலர்தான். நம் கணக்குக்கு வரும் டாலர் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் வரும். தொட்டால் போதும், அமெரிக்க அரசு வழக்கறிஞருக்குப் பிடி கிடைத்துவிடும். அவர்களுடைய 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தே மீறினால் 20 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். தெரியாமல் மீறியவருக்குச் சிறை கிடையாது, சிவில் அபராதத்தோடு போகும். அந்தத் 'தெரிந்தே' என்பதை எதை வைத்து நிரூபிப்பார்கள்? இந்த மாதிரி மெயிலை வைத்துத்தான். பிரான்ஸின் பி.என்.பி. பாரிபா வங்கி 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 900 கோடி டாலர் கட்டியதே, அங்கேயும் சூடான், ஈரான், கியூபா வாடிக்கையாளர் பெயர்களைப் பரிமாற்றத் தகவலிலிருந்து உருவி எடுத்த கதைதான் மையம்.

ஊரை மறைக்கச் சொல்கிறவர் வாங்குபவரையும் மறைக்கலாம். அவர் பட்டியலில் உள்ளவரா என்று பார்க்க நமக்கு வழியே இருக்காது. அமெரிக்காவை விடுங்கள், சுங்கத்துக்குத் தெரிந்தே பொய்யாக எழுதிக்கொடுத்தால் நம் சுங்கச் சட்டம் 132ஆம் பிரிவிலேயே 2 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

அவரையே உட்காரவைத்துப் பதில் அடித்தோம்: துறைமுகம் பந்தர் அப்பாஸ் என்றே இருக்கும், வாங்குபவர் யாரோ அவர் கணக்கிலிருந்தே பணம் வரவேண்டும். பையர் அதோடு பேச்சில்லை. சரக்கு குன்னூர் ஏலத்துக்குப் போனது, பேசிய விலையைவிடக் கிலோவுக்குப் பதினொரு ரூபாய் குறைவாக. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதினொரு ரூபாய்க்கு என்னிடம் டீ கேட்கிறார்.