காபிச் செடிக்குக் கண் பட்டதா?

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போன வருடம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்தது. இந்த வருடம் அதே செடிகளில் பெயருக்குத்தான் காய். கண் பட்டுவிட்டது என்று அம்மா பூசணிக்காய் கட்டிவிட்டார். உண்மையில் என்ன நடந்தது?"

அந்தப் பூசணிக்காய் சாம்பாருக்காவது ஆகியிருக்கும். சரி, செடிக்கு வருவோம்.

உரம், களை, கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் பூப்பது எல்லாம் தோட்டக்காரருக்குத் தெரிந்ததே. சூட்சுமம் கணுவில் இருக்கிறது. அராபிகா காபி காய்ப்பது பக்கக் கிளைகளில். அதிலும், முந்தைய பருவத்தில் வளர்ந்த கணுக்களில். காய்த்து ஓய்ந்த கணுவில் மறுபடி காயை எதிர்பார்க்க முடியாது. ஆக, இந்த வருடம் கிளை நுனி எத்தனை புதுக் கணு விடுகிறதோ, அதுதான் அடுத்த வருட மகசூல்.

மாமரம் தாங்க முடியாத பிஞ்சுகளை உதிர்த்துவிடும். காபிக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பிடித்த காய்களை விடாப்பிடியாக வளர்க்கும். இலை தயாரிக்கும் சர்க்கரை காய்க்கே போய், சேமித்த மாவுச்சத்தும் கரையும். நுனிக்கும் வேருக்கும் மிச்சமில்லை. நுனி கருகிப் பின்னோக்கிக் காயும். புதுக் கணு இல்லை, காயும் இல்லை. உங்கள் தோட்டத்தில் நடந்தது இதுதான்.

அதைத் தடுக்கத்தான் கவாத்து, அதாவது கிளைகளை அளவோடு வெட்டிவிடுவது. ஓய்ந்த கிளைகளையும் தண்டில் நிமிர்ந்து கிளம்பும் போத்துகளையும் எடுத்தால், மிஞ்சும் கிளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது. தண்டில் ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் பக்கக் கிளைக்கான மொட்டு ஒன்றே ஒன்று. அந்தக் கிளையை அடியோடு எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு பக்கக் கிளை வராது. மேல்நோக்கிய போத்துதான் வரும். கொஞ்சம் விட்டு வெட்டினால், மிச்சத்திலிருந்து துணைக் கிளைகள் வரும். இதைவிட வேடிக்கை, பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தாலும் அது நிமிர்ந்த செடியாகாது. தாழப் படர்ந்தே வளரும். செடி முழுக்க ஒரே மரபணுத் தொகுதிதான். ஆனாலும் தான் பக்கக் கிளை என்பதை அது மறப்பதில்லை!

நிழலும் ஒரு கடிவாளம். நிழலில் பூ குறையும், செடி அளவோடு காய்க்கும். வெயில் வேண்டுமென்று நிழல் மரங்களை மொட்டையடித்தால் முதல் வருடம் கொட்டும், பிறகு படுத்துவிடும். போதாக்குறைக்கு, வெயில் படும் தண்டைத் தேடித்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிட வரும்.



இப்போது ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். அடியில் இலை உதிர்ந்த பழுப்புப் பகுதி பழைய கணக்கு. நுனிப் பக்கம் இலையோடு பச்சையாக உள்ள கணுக்களை எண்ணுங்கள். இந்த வருடம் பாரம் இல்லாததால் நிறையவே இருக்கும். கவாத்து செய்யாமல் விட்டால், அடுத்த வருடம் மறுபடி கிளை ஒடியக் காய்க்கும். அதற்கு மறு வருடம் அம்மா இன்னொரு பூசணிக்காய் வாங்குவார்.