சினையோடு கல்லான உயிர்

பினாங்குத் தேசியப் பூங்காவில், காட்டு வழியே கெராச்சுட் கடற்கரைக்கு நடந்து போனவர்களுக்கு அங்குள்ள ஆமைக் காப்பகம் நினைவிருக்கும். வாழ்நாளெல்லாம் கடலில் நீந்தும் பச்சை ஆமை, முட்டையிட மட்டும் கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு இரவில் மணலேறுகிறது. குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுத் திரும்புகிறது. ஏன் இந்தப் பாடு? தண்ணீரிலேயே இட்டுவிட்டுப் போகலாமே!

முடியாது. முட்டைக்குள் இருக்கும் கருவும் மூச்சு விடுகிறது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே, மணலின் இடுக்குகளில் தங்கிய காற்றிலிருந்து அதற்கு ஆக்சிஜன் வருகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. கடலடியில் கிடந்தால் கரு திணறிச் செத்துப்போகும்.

இந்தத் தளையை அறுத்துக்கொண்ட ஒரு சின்ன உயிர் சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பெயர் கெய்ச்சோசாரஸ். கல்லாகிப்போன அதன் உடலைச் சீனாவின் குய்சோ மாநிலத்தில் 1957இல் ஹு செங்சி கண்டெடுத்தார். மறு ஆண்டு தொல்லுயிர் ஆய்வாளர் யாங் சோங்ஜியான் பெயரிட்டார். பெரும்பாலும் 15 முதல் 30 சென்டிமீட்டர், நம் கையால் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட கழுத்து, ஊசிப் பற்கள், மீன் உணவு. டைனோசர் அல்ல, கடலில் வாழ்ந்த ஓர் ஊர்வன.

அதன் கால்களைப் பார்த்தால் ஆமைபோலக் கரையேறி முட்டையிட்டிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் 2004இல் வெளியான ஆய்வில், சினையாக இருந்தபோதே கல்லாகிவிட்ட இரண்டு பெண் உடல்கள் விவரிக்கப்பட்டன. உள்ளே குட்டிகளின் மெல்லிய எலும்புகள்! அவற்றைவிட என்னை வியக்க வைப்பது தாயின் இடுப்பெலும்பு. தரையில் நடக்கும் விலங்குக்கு இடுப்பு முதுகெலும்போடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும். உடற்சுமை கால்களில் இறங்குவது அதன் வழியாகத்தான். நீரில் அந்தச் சுமையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. கெய்ச்சோசாரஸின் இடுப்பு முதுகெலும்போடு இறுகாமல் அசையக்கூடியதாக இருந்தது. அதனால் பிறப்புவழி விரிந்து கொடுத்துக் குட்டி வெளியேற இடமிருந்தது. ஆனால் அப்படித் தளர்ந்த இடுப்போடு கரையில் நடப்பது கடினம்.

ஊர்வன குட்டி போடுவது நமக்குப் புதிதல்ல. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடக்கும் விரியன்களும் குட்டி போடுபவைதான். ஆனால் ஆமைகளில் ஓரினம்கூட அந்த வழிக்கு வரவில்லை. அதே குய்சோவில், சுமார் 22 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து முதுகுப்பக்க ஓடு முழுமையாக உருவாகாத, வயிற்றுப்பக்க ஓடு மட்டுமே முழுமையாக உள்ள தொல் ஆமை ஒன்றையும் எடுத்திருக்கிறார்கள். அதன் சொந்தங்கள்தாம் இன்றும் இரவில் கெராச்சுட் மணலில் குழி தோண்டுகின்றன.