இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மா

அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபி படிக்கும் மாணவர்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தால், கண் நேராக இன்குபேட்டருக்குத்தான் போகும். தசை இறுக்கம், அனிச்சைச் செயல், பால் உறிஞ்சும் திறன் என்று படித்ததையெல்லாம் பார்த்துவிடும் ஆர்வம். சிசேரியன் தையலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் அம்மாவை யாரும் கவனிப்பதில்லை.

அதனால் என்னிடம் வருபவர்கள் முதல் வாரம் குழந்தையைத் தொடக்கூடாது. அம்மாவின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிவர வேண்டும். பல மருத்துவமனைகளில் அம்மா இருப்பது வேறு மாடியில். இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டு ஏறி இறங்குகிறார். பாலை டியூபில் விடுவது சிஸ்டர், டயபர் மாற்றுவதும் சிஸ்டர். நாளெல்லாம் ஓட்டம், ஆனால் குழந்தையைத் தொட்ட நேரம் என்று எழுத ஒன்றும் இருக்காது. அம்மாவாக அவர் செய்ய வேண்டிய வேலைகளை மற்றவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் டயபர். மாணவர் அழகாக மாற்றிக் காட்டினால் அம்மா இன்னும் ஓரடி பின்னால் போய்விடுவார். அதனால் மாணவர் தன் கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கையால் செய்ய வைக்க வேண்டும். கைகழுவிய பிறகு ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய காலில். அசைக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். குறைமாதக் குழந்தையை மெல்ல வருடினால் பெரும்பாலும் அது சிணுங்கும், அசையாத கைதான் அதற்குப் பிடிக்கும். காலை உயரத் தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்து மாற்றினால் போதும். விரல்களை விரித்தால், விக்கினால், நிறம் மாறினால் நிறுத்த வேண்டும். நீலம் பாரித்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். கையை வாயருகே கொண்டுபோனால் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். இதையெல்லாம் இரண்டு தரம் பார்த்துவிட்டால் மூன்றாவது தரம் அம்மாவே, "மிஸ், இவனுக்குப் போதும்போல" என்பார். நான் பார்த்தவரை, சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறையும் இப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறை இருந்த ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நடைமுறையில் தடுப்பது சின்ன விஷயங்கள்: சாய்வான நாற்காலி இல்லை, மறைப்புத் திரை இல்லை, தையல் வலிக்கிறது. நாற்காலியின் கோணம், முதுகுக்குத் தலையணை, எழுந்திருக்கும் விதம் எல்லாம் நம் துறையின் வேலை.

பேச்சுப் பயிற்சிதான் ரொம்பக் கடினம். "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிடும்" என்று மாணவர்களின் வாயில் சட்டென்று வந்துவிடும். அது நம் கையில் இல்லாத வாக்குறுதி. பார்க்க வரும் உறவுகள் ஏற்கெனவே, "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்றும், "பப்பாளி சாப்பிட்டியா?" என்றும் போதுமான அளவு பேசியிருப்பார்கள். மாணவர் சொல்ல வேண்டியது, "உங்களால வந்தது இல்லக்கா" என்ற ஒன்றுதான். மற்றபடி கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எடை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் பற்றிய கேள்விகளை டாக்டரிடம் சேர்க்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் அம்மாவின் அழுகை நிற்காமல், குழந்தை தேறிய பிறகும் அவருக்குத் தூக்கம் வராமல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள் தமிழிலும் இருக்கின்றன. தற்கொலை எண்ணம் துளி தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது, அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளில் மாணவரிடம் நான் பார்ப்பது, அம்மா மூன்று விஷயங்களைத் தன் வாயால் சொல்கிறாரா என்று. விழித்திரைப் பரிசோதனை என்றைக்கு, குழந்தையின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே, வளர்ச்சியைப் பிரசவத் தேதி குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது. மாணவர் குறுக்கே எடுத்துக்கொடுத்தால் மதிப்பெண் கிடையாது.